சம்மாட்டி நடை

கம்ப்யூட்டருக்குள் ரோச்சின் எலும்பு மட்டும் தனியாக நடந்து காட்டியது. தோலும் கிடையாது, சதையும் கிடையாது. இடுப்பெலும்பு, தொடையெலும்பு, முழங்கால், அவ்வளவுதான். போகும், திரும்பும், மறுபடியும் போகும். புருஷனும் பெண்டாட்டியும் நன்றாகப் பார்க்கட்டும் என்று டாக்டர் கிருபாநிதி திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

“பாத்தீங்களா ரோச், எவ்வளவு நேரா நடக்கீங்கன்னு. இந்த இடது பக்க இடுப்புப் பந்துல சிவப்பாத் தெரியுது பாருங்க, அது செத்த பாகம். ரத்தம் போகல. ஆனா அதுக்குப் பின்னால எலும்பு உயிரோடதான் இருக்கு. நீங்க நடக்கும்போது பாரம் எந்த இடத்துல விழுதுன்னு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டிருக்கு. எலும்ப வெட்டி, கொஞ்சம் திருப்பி வச்சு மாட்டுனா செத்த பாகம் ஒதுங்கிரும், நல்ல பாகம் மேல வந்து சுமக்கும். செயற்கை மூட்டு வேண்டாம். சொந்த எலும்பே போதும்.”

ரோச்சின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பனிமய மாதா தேர் தெருவுக்குள் வந்ததுபோல் அப்படி ஒரு மலர்ச்சி. டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அவன் பெண்டாட்டி சலேத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நடை அவளுக்குத் தெரியும். திரேஸ்புரம் கடற்கரையில் வள்ளத்து முதலாளி ஹென்றி சம்மாட்டி முன்னால் ரோச் நடக்கிற நடை அது. வீட்டுக்குள் அவன் நடப்பது வேறு.

அது என்ன சம்மாட்டி நடை என்று கேட்டால் கொஞ்சம் விவரமாகச் சொல்லத்தான் வேண்டும். சங்கு குளிக்கிற தொழில் கரையில் நின்று பார்க்க அம்சமாகத்தான் இருக்கும். வள்ளத்தில் கம்ப்ரசர் மிஷின் ஓடும். குளியாள் இடுப்பில் ஈயக்கட்டியைக் கட்டி, காற்றுக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கிவிடுவான். அடியில் மணலைத் தடவித் தடவி, புதைந்து கிடக்கிற சங்கைத் தோண்டி வலைப்பையில் போடுவான். மேலே வரும்போது மெல்ல வர வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வள்ளக்காரன் பை நிறைந்துகொண்டிருக்கும்போது எவன் மெல்ல வருவான்? சடாரென்று வந்து, பையைக் கொட்டிவிட்டு, சடாரென்று போவான். சாயங்காலம் மூட்டுக்கு மூட்டு வலி பிடிக்கும். ‘காத்து ஏறிட்டு’ என்பார்கள். அதற்கு அவர்கள் கண்ட வைத்தியம், மறுபடியும் கீழே போவது. கீழே போனால் வலி விட்டுவிடும். அந்தக் காற்று எலும்புக்குள் புகுந்து ரத்தத்தை அடைத்து, இடுப்புப் பந்தை உள்ளுக்குள்ளேயே கொன்றுகொண்டிருக்கிறது என்று ரோச்சுக்கு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் பாதிப் பந்து போய்விட்டது.

காற்று ஏறிய கால்காரனை எந்தச் சம்மாட்டியும் வள்ளத்தில் ஏற்ற மாட்டார். கடலில் வைத்து ஏதாவது ஒன்று ஆகிப்போனால் வள்ளத்துக்குச் சொந்தக்காரர்தானே பதில் சொல்ல வேண்டும்? அதனால் சீசன் தொடங்குமுன் ஹென்றி சம்மாட்டி ஒரு வேலை செய்வார். கரையேற்றிப் போட்ட வள்ளத்து நிழலில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். குளியாட்கள் ஈயப்பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடையிலிருந்து தண்ணீர் வரைக்கும் நடந்து போக வேண்டும். நோய் உண்டா நொடி உண்டா என்று ஒரு கேள்வி கேட்க மாட்டார். காலை மட்டும் பார்ப்பார். மணலில் காலை இழுத்தவனைக் கூப்பிட்டு, “அடுத்த சீசன் பாத்துக்கிடுவோம்டே,” என்பார். அதோடு அவன் ஐஸ் பெட்டி சுமக்கப் போக வேண்டியதுதான்.

ரோச் அந்தப் பரீட்சையில் தோற்றதே கிடையாது. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுப் போவான். இடது காலை ஊன்றும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வான். தோளைச் சாய விட மாட்டான். எல்லாவற்றுக்கும் மேலாக, வாய் ஓயாது. “அண்ணாச்சி, முக்காலி தாங்குமா? உங்கள வள்ளத்துல ஏத்துனா நங்கூரத்த வித்துறலாம் போலுக்கே!” என்பான். கரையே சிரிக்கும். சம்மாட்டியும் தொப்பை குலுங்கச் சிரிப்பார். எல்லோரும் அவன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கால் பாட்டுக்குத் தண்ணீரைத் தொட்டுவிடும்.

ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் செய்திருக்கிறான் பாவி. ஸ்கேன் எடுத்த பிறகு, கால் முழுக்க வெள்ளை உருண்டைகளாக ஒட்டி, சுற்றிலும் கேமரா வைத்த நீள அறையில் நடக்கச் சொன்னார்கள். சலேத்தை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே கம்ப்யூட்டரில் இருந்தது ஜெஸ்மி என்ற நாசரேத்துப் பெண். ஸ்கேனில் வந்த எலும்பையும் கேமராவில் வந்த நடையையும் ஒன்றாகச் சேர்த்து, எங்கே வெட்டலாம், எவ்வளவு திருப்பலாம் என்று ஆபரேஷனுக்கு முன்பே போட்டுப் பார்த்து டாக்டருக்குக் கொடுப்பது அவள் வேலை. “சாதாரணமா நடங்க அண்ணே,” என்றுதான் அவள் சொன்னாள். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து காலைப் பார்த்தால் ரோச்சுக்கு அது சம்மாட்டிதான். உள்ளேயிருந்து அந்தப் பெண் சிரிக்கிற சத்தம் கேட்டபோதே சலேத்துக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் சோழகக் காற்று மண்ணை வாரி வீட்டுக்குள் இறைத்துக்கொண்டிருந்தது. குசினிக் கதவைச் சாத்திவிட்டு, ரோச்சுக்கு ஸ்டூலில் தட்டை வைத்தாள் சலேத். தரையில் உட்கார அவனுக்கு வராது. சாளைக் குழம்பு.

“மாத்திரை போட்டுட்டுத்தான நடந்தீங்க?”

ரோச் முள்ளை எடுத்துக்கொண்டே, “ஏளா, குழம்புல புளி கூடிட்டு,” என்றான்.

“புளி கெடக்கட்டும். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“போட்டேன். இப்ப அதுக்கு என்னளா?”

“என்னவா? யாத்தே! உங்க நடைய வச்சுல்லா டாக்டரு எலும்ப வெட்டப் போறாரு. பொய் நடைக்கு வெட்டுனா காலு என்னத்துக்கு ஆவும்?”

“மிஷினு எலும்புக்குள்ளயே போயிப் பாத்துட்டு. அத நான் ஏமாத்த முடியுமா? கிறுக்கச்சி மாதிரி பேசாத.”

“அதான் ஏமாத்திட்டீங்களே! அந்தக் கம்ப்யூட்டருல நடந்தது நீங்களா? உங்ககூட இத்தன வருசம் குடும்பம் நடத்துதேன், எனக்குத் தெரியாதா? காலையில கட்டில விட்டு எறங்கையில செவரப் பிடிச்சுக்கிட்டு நிக்கது யாரு? சொல்லிருவோம். டாக்டரு நல்ல மனுசன். இன்னொரு தடவ நடங்கன்னுதான் சொல்லுவாரு.”

ரோச் தட்டைத் தள்ளி வைத்தான்.

“சொன்னா என்ன ஆவும், யோசிச்சியா? செயற்கை மூட்டும்பாரு. அத வச்சா குத்த வைக்கக்கூடாது, குதிக்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, தண்ணிக்கு அடியில போற நெனப்பே ஆவாதுன்னு மொதநாளே சொல்லிட்டாருல்லா? சொந்த எலும்புன்னா ஆறுன பெறவு பாத்துக்கிடலாம்னாரு.”

“பாத்துக்கிடலாம்னுதான் சொன்னாரு. போன்னு சொல்லல.”

“எனக்கு அது போதும்.”

“மறுபடியும் கடலுக்கா? பந்து செத்துக் கெடக்குன்னு படம் போட்டுக் காட்டுதாங்க, மறுபடியும் அதுக்குள்ளயா?”

“ஏளா, ஒனக்கு வெளங்காது.” அவன் குரல் இறங்கிவிட்டது. “கரையில எனக்கு ஒரு நிமிசம் வலி இல்லாம இல்ல. அடியில போயிட்டா காலே கனக்காது. மண்ணுல ஊன்ற வேண்டாம், சும்மா ஒரு தள்ளு தள்ளுனா ஒடம்பு பாட்டுக்குப் போவும். அங்கனதான் நான் மனுசனா இருக்கேன். அதயும் பிடுங்கிட்டு என்னய இந்தக் கட்டிலுல போட்டு வச்சுக்கிடணும், அதான ஒனக்கு?”

சலேத் அழுதாள். அழுதால் அவன் இறங்கி வருவான் என்றுதான் அழுதாள். அவன் இறங்கவில்லை.

“டாக்டர்கிட்ட நீ ஒரு வார்த்த சொன்ன, ஆபரேசனே வேண்டாம்னு எந்திரிச்சு வந்துருவேன். மாதா மேல சத்தியம். பெறவு நீ யாரோ நான் யாரோ.”

சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது.

மறுநாள் நண்டுக் கம்பெனியில் அவளுக்கு வேலையே ஓடவில்லை. அவித்த நண்டை உடைத்து, ஓடு கலக்காமல் சதையை எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும். ஐஸ் குளிரில் விரல் மரத்துக் கிடக்கும், ஓடு கிழித்தால்கூட ரத்தம் வந்த பிறகுதான் தெரியும். எதிரில் இருந்த செல்லக்கனி, உடன்குடிப் பக்கத்துக்காரி, இவள் தட்டை எட்டிப் பார்த்தாள்.

“ஏளா சலேத்து, ஓட்டையும் சேத்துல்லா வைக்க. சூப்பர்வைசரு பாத்தாம்னா கொடலப் புடுங்கிருவான். என்ன விசயம்? மூஞ்சி ஏன் இப்படி வீங்கிக் கெடக்கு?”

சலேத் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

“சொன்னா ஆபரேசன் வேண்டாம்னு எந்திரிச்சுருவாரு. அவரு சொன்னா செய்யக்கூடிய ஆளு. சொல்லலன்னா, தப்பா வெட்டி ஒரேயடியாப் படுத்துருவாரு. நான் என்னக்கா செய்ய? எந்தப் பக்கம் போனாலும் குழியா இருக்கு.”

செல்லக்கனி ஒரு நண்டுக்காலை உடைத்துத் தட்டில் போட்டாள்.

“எங்க வீட்டு ஆளு நெஞ்சுவலிய வாயுன்னு சொன்னாரு, தெரியும்லா? எனக்கு அப்பவே அது வாயு இல்லன்னு தெரியும். சொன்னா எரிஞ்சு விழுவாரேன்னு நானும் வாயுதான் வாயுதான்னு பூண்டு அவிச்சுக் குடுத்தேன். கடைசி வரைக்கும் ரெண்டுபேரும் சண்டையே போடல. நல்ல ஒத்துமை.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “அவரு ஏசுனா ஏசட்டும்ளா. ஏசுததுக்கு ஆளு வேணும்லா.”

ரோச்சை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் ஆபரேஷன். வார்டில் இருந்த நர்ஸ் அவன் பையைச் சோதித்து, ஒளித்து வைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்போதும் அவன் பக்கத்துக் கட்டில்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். சலேத், வெந்நீர் வாங்கி வருகிறேன் என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு நேரே ஜெஸ்மியின் அறைக்குப் போனாள். கதவருகில் நின்று, சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு தடவை திரும்பிக்கூடப் போனாள். திரும்பவும் வந்தாள்.

“யம்மா, அந்தக் கம்ப்யூட்டருல இருக்கது அவரு நடை இல்லம்மா.”

ஜெஸ்மிக்கு முதலில் புரியவில்லை. சலேத் மாத்திரையில் தொடங்கி, சம்மாட்டி, முக்காலி, நங்கூரம் வரைக்கும் ஒரே மூச்சில் கொட்டினாள். அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப் போனது.

“அக்கா, எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. எலும்பு இந்த அளவுக்கு அமுங்குனவங்க இப்படி நடக்க மாட்டாங்கன்னு சார்கிட்டயே கேட்டேன். குளியாளுங்க வலி தாங்குவாங்கன்னு சொன்னாரு. அண்ணனும் சிரிச்சுக்கிட்டே இருந்தாங்களா, நானும் விட்டுட்டேன்.”

“அப்படியே வெட்டுனா என்னம்மா ஆவும்?”

ஜெஸ்மி திரையில் அந்தப் பந்தைத் திருப்பிக் காட்டினாள். “நல்ல எலும்ப எந்த இடத்துல கொண்டு வைக்கணும்னு நடைய வச்சுதான் கணக்கு. அவங்க நெசமா ஊன்றது வேற மாதிரின்னா பாரம் வேற எடத்துல விழும். திருப்பி வச்ச எலும்பு நொறுங்கிரும் அக்கா. அதுக்குப் பெறவு செயற்கை மூட்டு வைக்குறதுகூடப் பெரிய பாடு.”

அவளே டாக்டருக்குப் போன் போட்டாள்.

கிருபாநிதி வார்டுக்கு வந்து, “ரோச், இன்னொரு தடவ நடந்து பாத்துருவமா?” என்று தன்மையாகத்தான் கேட்டார். ரோச் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற சலேத்தைப் பார்த்தான்.

“நீதானா?”

“நாந்தான்.”

அவன் கட்டிலை விட்டு இறங்கி, பையை எடுத்து, துண்டைத் திணித்தான். “டாக்டரய்யா, எனக்கு ஆபரேசன் வேண்டாம். நான் போறேன்.” பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சலேத் குறுக்கே போய் நின்றாள். அவளுக்கு எங்கிருந்து அந்தப் பேச்சு வந்ததோ!

“போங்க. தாராளமாப் போங்க. போவுமுன்ன அந்த ரூம்புல நடந்து காட்டிட்டுப் போங்க. மாத்திரை இல்லாம. நீங்க நேரா நடந்துட்டீங்கன்னா நான் சொன்னது பொய்யின்னு இத்தன பேரு முன்னாலயும் உங்க கால்ல விழுதேன்.”

வீம்புக்காரனை வீம்பால்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ரோச் பையைக் கட்டிலில் எறிந்தான்.

அந்த நீள அறையில் ஜெஸ்மி மறுபடியும் வெள்ளை உருண்டைகளை ஒட்டினாள். இந்தத் தடவை சலேத்தும் உள்ளே இருந்தாள். ரோச் தரையில் போட்டிருந்த கோட்டில் நின்று, மூச்சை இழுத்து, நடந்தான். நேராக நடந்தான். “பிள்ள, நல்லாப் படம் பிடி. கல்யாண ஆல்பத்துல போடணும்,” என்றான். ஜெஸ்மி சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தாள். பழைய நடையேதான். டாக்டர் சலேத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னொரு தடவ,” என்றாள் சலேத்.

அவன் நடந்தான். “என்னத்துக்கு? கால்ல விழுததா சொன்னியே, விழு!”

“விழுதேன். இன்னொரு தடவ.”

போனான், வந்தான். “எம் பொண்டாட்டி என்னய வச்சுக் கயிறு திரிக்கா டாக்டரே,” என்றான். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. ஏசி ஓடுகிற அறை அது.

“இன்னொரு தடவ.”

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை, சொல்வதை நிறுத்தவும் இல்லை. இப்படியும் ஒரு பொம்பளை புருஷனை வதைப்பாளா என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். அவளுக்கே தோன்றியது. என்னைச் சபித்துக்கொள்ளட்டும், கடைசி வரைக்கும் பேசாமல் இருக்கட்டும், எலும்பு நொறுங்கிப் படுக்க வேண்டாம் என்று மனசுக்குள் மாதாவிடம் கெஞ்சிக்கொண்டே, “இன்னொரு தடவ,” என்றாள்.

அவன் வாய் நின்றுவிட்டது. அடுத்த நடையில் மூச்சுச் சத்தம் கேட்டது. அதற்கடுத்ததில் தோள் சாய்ந்தது.

“அக்கா, போதும்க்கா,” என்றாள் ஜெஸ்மி. அவளும் அழுகிற மாதிரி இருந்தாள்.

“நீ எடும்மா. இன்னொரு தடவ.”

திரும்பி வரும்போது கால் இழுத்துவிட்டது. சலேத்துக்குத் தெரிந்த நடை அது, வீட்டில் கட்டிலுக்கும் குசினிக்கும் நடுவில் தினமும் பார்க்கிற நடை. “இதான்! இதான் டாக்டரய்யா!” என்று கத்திவிட்டாள்.

“கெடச்சிட்டு சார்,” என்றாள் ஜெஸ்மி.

“போதும் ரோச். உக்காருங்க,” என்றார் டாக்டர்.

ரோச் உட்காரவில்லை. கோட்டின் கோடியில் நின்று சலேத்தைப் பார்த்தான். “இதான்னு சொல்லுதியா? ஒனக்கு என்னளா தெரியும்?” என்றான். “பிள்ள, நிறுத்தாத. இதயும் எடுத்துக்கோ.”

யாரும் சொல்லாமலே நடக்கத் தொடங்கினான். இடுப்பை மடக்கி, இரண்டு கையாலும் இடது தொடையைப் பிடித்துத் தூக்கி முன்னால் வைத்தான். வைத்த காலில் பாரம் இறங்கியபோது தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. லாடம் அடிக்கும்போது மாடு போடுகிற சத்தம். பிறகு மறுபடியும் தொடையைப் பிடித்துத் தூக்கினான். மறுபடியும் அந்தச் சத்தம். அந்த அறையைக் கடக்க அவனுக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். சலேத் வாயைப் பொத்திக்கொண்டாள். இப்படி ஒரு நடையை அவள் கண்டதே இல்லை.

“இது எங்கன நடக்குத நடை?” என்றாள்.

“நீ கம்பெனிக்குப் போன பெறவு, நம்ம வீட்டுல.”

ஜெஸ்மியின் திரையில், பந்தை எப்படித் திருப்பினாலும் இந்த நடைக்குப் பாரம் சிவப்புப் பாகத்தின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. அதைக் குனிந்து பார்த்துவிட்டு டாக்டர் நிமிர்ந்தார். ரோச் அவரை முந்திக்கொண்டான்.

“சொந்த எலும்பு ஆவாதுல்லா?”

“ஆகாது ரோச். செயற்கை மூட்டுதான். நாளைக்கு வேண்டாம், புதுசாக் கணக்குப் போட்டுத்தான் செய்யணும். வலி இல்லாம நடப்பீங்க. அதுக்கு நான் பொறுப்பு.”

“கடலு?”

டாக்டர் தலையை ஆட்டினார். இல்லை என்றுதான்.

ரோச் சலேத் பக்கம் திரும்பினான். ஏசப்போகிறான், இத்தனை பேர் முன்னால் காறித் துப்பப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். எதுவானாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் நின்றாள்.

“பிடிளா,” என்றான் அவன். “விழப் போறேன்.”

சலேத் ஓடிப்போய் அவன் கக்கத்துக்குள் தோளைக் கொடுத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவன் அவளைப் பிடிக்கச் சொன்னதில்லை. அவன் தன் பாரம் முழுவதையும் அவள் மேல் போட்டான். அவள் முழங்கால் மடங்கப் பார்த்தது, ஊன்றி நின்றுகொண்டாள்.